அண்ணன் கொடுத்த மூன்று இஞ்ச் பைப்

என் கல்யாணத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேசியதைவிட என் காரின் எக்சோஸ் பைப்பைப் பற்றிப் பேசியது அதிகம். மாப்பிள்ளை யார், என்ன வேலை, குடிப்பாரா என்று கேட்டு முடிக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. புகை போகிற அந்தக் குழாய் ஒன்றரை இஞ்ச்சா, இரண்டரையா, மூன்றா என்று பேசி முடிக்க ஆறு மாதம் ஆயிற்று. பேசியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணவர், இன்னொருவர் என் அண்ணன். இரண்டு பேருமே அந்தக் காரைத் தினமும் ஓட்டியவர்கள் இல்லை. ஓட்டியது நான். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் எரிச்சல்தான் முதலில் வருகிறது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. வீடு ஈப்போவில், குனோங் ராபாட்டில். பள்ளிக்கூடம் சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குள். அங்கே ஆறாம் வகுப்புக்கு நான் டீச்சர். கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் என்று வரிசையாக எல்லா ஊரையும் தாண்டிப் போக வேண்டும். அப்போது நெடுஞ்சாலை கிடையாது. பழைய ரோடுதான், போக ஒரு தடம், வர ஒரு தடம், இரண்டிலும் லாரி. மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தேன். எழுதிப் போட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்த பதில்தான் எனக்கும் கிடைத்தது, அதாவது ஒன்றும் கிடைக்கவில்லை.

பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் குவார்ட்டர்ஸ் ஒன்று காலியாகக் கிடந்தது. நான் பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் தலைமையாசிரியர் அதைக் கையால் காட்டுவார். “சும்மாதானே கெடக்கு டீச்சர்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டின வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் அங்கேதான் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்கள் வீட்டுத் தட்டு அதிரும். குழாயடியில் வரிசை, கக்கூசுக்கு வரிசை, எல்லாவற்றுக்கும் மேலாக நாம் என்ன சமைக்கிறோம் என்று தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆசிரியர் பயிற்சிக்குக் கிளம்பிய அன்றே முடிவு செய்துவிட்டேன். அங்கே வேலைக்கு வருவேன், படுக்க வரமாட்டேன். அந்தக் கார் ஒழுங்காக ஓடினால் சாயங்காலம் நான் என் வீட்டில் இருப்பேன். ஓடாவிட்டால் மறுபடி தோட்டம்தான். எனக்கு அந்தக் கார் அவ்வளவு முக்கியம்.

முதலில் அது பெட்ரோல் கார்தான். அந்தத் தூரத்துக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை. கணவர் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிற வேலையில் இருந்தார். நல்லவர். நல்லவர்களோடு குடித்தனம் பண்ணுவதில் என்ன கஷ்டம் என்றால், கோபம் வந்தால் சண்டை போடக் காரணம் கிடைக்காது. அவர் எங்கேயோ விசாரித்து ஒரு ஹாஃப்கட் பிடித்துக்கொண்டு வந்தார். ஜப்பானில் கழித்துவிட்ட கார்களை நடுவில் அறுத்து முன்பாதியை மட்டும் கப்பலேற்றி அனுப்புவார்கள், அதுதான் ஹாஃப்கட். அதற்குள் இருந்தது டர்போ வைத்த டீசல் இஞ்சின். அதை எங்கள் காரில் ஏற்றினார்கள்.

டர்போ என்றால் என்ன என்று கணவர் சாப்பாட்டு மேசையில் எனக்கு விளக்கினார். இஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றும். அது சுற்றினால் மறுபக்கம் இருக்கிற இன்னொரு விசிறியும் சுற்றி, இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்று அதிகமானால் பலம் அதிகம். எனக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் புகை தடையில்லாமல் வெளியே போக வேண்டும், இல்லையா என்று கேட்டேன். “அது அப்படியெல்லாம் சுலுவா சொல்லிற முடியாது” என்றார். ஏன் முடியாது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

இஞ்சின் புதிது, எக்சோஸ் பைப் மட்டும் பழைய பெட்ரோல் காருடையது. என் இரண்டு விரல் கொள்ளுகிற அளவுதான். கொஞ்சம் அழுத்தினால் பின்னால் கரும்புகை. என் காலுக்குக் கீழே தகரம் சுடும். பட்டறைக்காரர் பைப்பை மாற்றச் சொன்னார். அங்கேதான் சனியன் பிடித்தது.

கணவருக்கு ஒரு கொள்கை உண்டு. இளவட்டமாக இருந்தபோது மோட்டார்சைக்கிளில் சைலன்சர் உள்கூட்டைக் கழற்றிப் போட்டாராம், வண்டி இழுவையை இழந்ததாம். “எக்சோஸ்ல கொஞ்சம் அழுத்தம் இருக்கணும். தொறந்து விட்டா பலம் போயிரும்லா.” டர்போவுக்குப் பின்னால் அந்த அழுத்தமே எதிரி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த மோட்டார்சைக்கிளை அவர் மனத்திலிருந்து இறக்கியிருக்க முடியாது. அதனால் சும்மா ஒரு நூல் பெரிதாக்கினால் போதும் என்பது அவர் கட்சி.

என் அண்ணன் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பிட்டர். ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட பிறகும் தோட்டத்தை விட்டுப் போகாதவர். அவருக்கும் ஒரு கொள்கை உண்டு. டிராக்டருக்கு எவ்வளவு பெரிய குழாய் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள், டீசல் என்றால் அவ்வளவு வேண்டும். ஆனால் அவர் விஷயத்தில் கொள்கை ஒரு சாக்குதான். உள்ளே கிடந்தது வேறு.

நாங்கள் வீடு குடிபுகுந்த அன்று அண்ணன் தாய்வீட்டுச் சீராக ஒரு குத்துவிளக்கு கொண்டுவந்தார். அந்த நேரம் அவரால் முடிந்தது அது. என் நாத்தனார் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, “லேசா இருக்கே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அண்ணன் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும், நாற்காலியானாலும் நாய்க்குட்டியானாலும், அண்ணன் மனசில் ஒரு தராசு ஆடிக்கொண்டே இருந்தது. காருக்கு இஞ்சின் மாற்றின செய்தி போனதும் உடனே சொல்லியனுப்பினார். “எக்சோஸ் நம்ம சீரு. யாரும் கை வெக்கக் கூடாது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்து லாரியில் வந்து இறங்கினார். தோளில் ஆறடி நீளத்தில் ஒரு குழாய். லாரிக்குப் போடுகிற மூன்று இஞ்ச் பைப், புத்தம் புதுசு. இரண்டு முனையிலும் சந்தனம் குங்குமம். பின்னாலேயே அண்ணி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ரவிக்கைத் துணி. பக்கத்து வீட்டுச் சீன அம்மா, எங்கள் வீட்டுக் கால்வாய் அடைத்துக்கொண்டதாக நினைத்து, தன் வீட்டுக்கும் ஒரு ஆளை அனுப்பச் சொன்னார்.

என் கணவர் அந்தக் குழாயை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். “மூணு இஞ்சு மச்சான். ஈப்போவுல எந்தக் காருக்கும் இருக்காது.”

“அதான் மச்சான், அதான்” என்றார் கணவர்.

அண்ணன் கை கழுவப் போன நேரம், “இது நம்ம காருக்குப் பொருந்துமா?” என்று அவரிடம் மெல்லக் கேட்டேன். “தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கலாமா?” என்றார். மாட்டின்மேல் ஏறிக்கொண்டு தினமும் சுங்காய்க்குப் போகிறவளுக்குப் பல்லைப் பார்க்கிற பாத்தியதை உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார்.

அன்றைக்கே ஜெலாப்பாங்குக்குப் போனோம். எக்சோஸ் கடை முதலாளி, தவுக்கே என்போம், சீனர்தான், ஆனால் தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால் தமிழ் பேசுவார். காரை மேலே தூக்கிப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார்.

“மூணு ரொம்பப் பெரிசுலா. என் மெஷின் ரெண்டரை வரைக்கும்தான் வளைக்கும். இதை வளைச்சா நசுங்கிப் போகும். டர்போவிலேருந்து பின்னால வரைக்கும் ரெண்டரை போடு, ஒரே சைஸ். நல்லா ஓடும்.”

“அப்போ நான் கொண்டாந்தது?” என்றார் அண்ணன்.

“லாரிக்குப் போடுலா.”

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்துக் கணவர் பதறிவிட்டார். இதையே போட வேண்டும், வளைக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது, சீர்ப் பொருள் என்றார். ஒரு நூல் பெரிதானால் போதும் என்ற மனிதர் மச்சான் முகத்துக்காக மூன்று இஞ்ச்சுக்கு வக்கீல் ஆனார். தவுக்கே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வியாபாரிகள் செய்வதைச் செய்தார். டர்போவிலிருந்து காரின் நடுப்பாகம் வரை பழைய ஒல்லிக் குழாயையும் பழைய சைலன்சரையும் அப்படியே விட்டுவிட்டு, அதன் வாலில் அண்ணனின் ஆறடியை ஒட்டவைத்தார். வளைக்க முடியாததால் அது பின் அச்சுக்குக் கீழே நேராகப் போய், பம்பரைத் தாண்டி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்குக்கு வாலும் இருந்தது.

டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பைப்பின் வாய்க்கு அண்ணன் தன் கையாலேயே திருநீறு பூசினார். நாத்தனாருக்குத் தகவல் போனது. அவர் வந்து பார்த்து, “அடேங்கப்பா!” என்றார். அண்ணனுக்கு அது போதும். குத்துவிளக்கின் கணக்கு தீர்ந்தது.

என் கணக்கு மறுநாள் காலையில் தொடங்கியது. ஒல்லிக் குழாய் வழியாக வந்த புகை அந்தப் பெரிய குழாய்க்குள் நுழைந்ததும் தகர டப்பாவுக்குள் தவில் வாசித்தது போல ஒரு சத்தம். குனோங் ராபாட்டில் குழந்தைகள் எழுந்து அழும். பள்ளிக்கூடத்திலோ, தோட்டத்துப் பாலத்தில் நான் ஏறும்போதே பிள்ளைகளுக்குக் கேட்டுவிடும். நான் வகுப்புக்குள் நுழையும்போது எல்லாரும் புத்தகத்தில் கண்ணை வைத்து, வாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு மேடு பள்ளம் விடாமல் பைப் தரையில் உரசும். சரி, சத்தத்தை மன்னிக்கலாம், உரசலையும் மன்னிக்கலாம். கார் இழுக்கவில்லை. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அழுத்தினால் யோசிக்கும். நிதானமாக யோசித்து, கறுப்பாகப் புகை விட்டு, எனக்கு வேண்டாத நேரத்தில் திடீரென்று பாயும். கால்மிதி ரப்பர் இளகிச் செருப்பில் ஒட்டியது.

சொன்னேன். சொல்லாமல் இருப்பேனா? அதற்குப் பலன், ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அந்தப் பைப்பின் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததுதான். அண்ணன் சுங்காயிலிருந்து பஸ் ஏறி வருவார், பார்ப்பதற்கென்றே. கணவர், வாயில் ஒரு தகடு வைத்துக் கொஞ்சம் அடைத்தால் அழுத்தம் வரும் என்பார். அண்ணனோ, சைலன்சரையே தூக்கிப் போட்டுவிடலாம் மச்சான் என்பார். தகடு, சைலன்சர், தகடு, சைலன்சர். நான் டீ கொண்டுபோய் வைப்பேன்.

“சூடெல்லாம் முன்னாலதான் இருக்கு, என் காலுக்குக் கீழ. அங்கதான் எதுவோ அடைக்குது” என்றேன் ஒருமுறை.

“டீசல்னா சூடாத்தான் இருக்கும்” என்றார் கணவர்.

“தங்கச்சி, நீ போயி புள்ளைங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு” என்றார் அண்ணன். இரண்டு பேரும் சிரித்தார்கள். டீயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், குடிக்கவிடாமல்.

பிறகு ஒரு நாள் காலை, தாப்பாவைத் தாண்டி, பீடோருக்கு இந்தப் பக்கம், செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. மணி ஆகிக்கொண்டிருந்தது. எதிரே ரோடு காலி. முந்துவதற்கு வெளியே எடுத்து அழுத்தினேன். கார் யோசிக்க ஆரம்பித்தது. லாரியின் பாதி நீளத்துக்கு வந்துவிட்டேன், அதற்குமேல் நகரவில்லை. வளைவில் ஒரு மர லாரி தலையைக் காட்டியது. இன்னும் அழுத்தினேன். பின்கண்ணாடி முழுக்கக் கறுப்பு. பின்வாங்கலாம் என்று பக்கக் கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு பஸ் வந்து, நான் விட்டுவந்த இடத்தை அடைத்துக்கொண்டது. மர லாரியின் முன்பக்கத்தில் கட்டியிருந்த சிவப்புத் துணி நன்றாகத் தெரிந்தது. அந்த ஆள் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே, வண்டியைப் புல்லில் இறக்கினார். லாரிமேல் கிடந்த மரங்கள் சாய்ந்து ஆடின. அவர் போன காற்றில் என் கார் ஒதுங்கியது. அப்புறம்தான் டர்போ முழித்துக்கொண்டு பாய்ந்தது.

பீடோரில் ஒரு கடை ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய் ஒரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். தாமதமாகப் போனேன். தலைமையாசிரியர் குவார்ட்டர்ஸைக் காட்டினார்.

வீட்டில் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று தெரியும். “முந்தறப்போ காரு இழுக்கல. பயந்துட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அதில் கார் இழுக்கவில்லை என்ற பாதி காற்றோடு போயிற்று. பயந்துவிட்டாள் என்ற பாதி மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பேசப்பட்டது.

ஆறு மாதமாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் அன்று ஒரே மனசாக இருந்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நான் குவார்ட்டர்ஸில் தங்குவது, சனி ஞாயிறு பஸ்ஸில் வருவது. காரைக் கணவர் ஜெலாப்பாங்குக்கு எடுத்துப் போகலாம், அது பக்கம், சமதரை, முந்துகிற வேலை இல்லை. அண்ணனுக்குச் சந்தோஷம் வேறு. “நம்ம வீட்டுப் பக்கத்துல தங்கச்சி. அண்ணி சோறு குடுத்து அனுப்புவா. நான் சுண்ணாம்பு அடிச்சாச்சு, கட்டிலும் போட்டாச்சு.” சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்துதான் பேசுகிறார்!

நான் அழவில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு பானையைத் தேவையில்லாமல் விளக்கினேன், கைப்பிடி கழன்று விழும்வரை. ஒரு குழாயைக் கழற்றுவதைவிட ஒரு பெண்ணைக் கழற்றிப் பழைய இடத்தில் மாட்டுவது இவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் பள்ளி விடுமுறை தொடங்கியது. கணவர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போனதும், அவருடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, கோணிச்சாக்கை விரித்துக் காருக்கடியில் போய்ப் படுத்தேன். கையில் தையல் டேப். குழாயைச் சுற்றி அளந்து, வட்டக் கணக்குப் போட்டால் குறுக்களவு வந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற கணக்கு. பின்னால் அண்ணன் பைப் மூன்று இஞ்ச், சந்தேகமில்லை. முன்னால் நகர நகர, ஒன்றரை. அதிலும் என் காலுக்கு நேர் கீழே ஒரு வளைவு எப்போதோ கல்லில் இடித்து நசுங்கிப் போயிருந்தது. அங்கே என் சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது போலிருந்தது. இஞ்சின் விடுகிற மூச்செல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் வர வேண்டும். அதற்கப்புறம் மூன்று இஞ்ச் இருந்தால் என்ன, முப்பது இஞ்ச் இருந்தால் என்ன? குடத்தின் கழுத்து குறுகலாக இருந்தால் அடியை அகலப்படுத்தி ஒன்றும் ஆகாது.

சாயங்காலம் கணவர் வந்ததும் அளவைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“நடுவுல சின்னதுன்னு. அன்னைக்கே பாத்தேன், கடையில.”

“அப்புறம் ஏன் தகடு, தகடுன்னு இத்தனை நாளு?”

“வேற என்ன சொல்லச் சொல்ற? அதை மாத்தணும்னா பின்னால உள்ளதையும் எடுக்கணும். மச்சான் கொண்டாந்த சீரைக் கழட்டிப் போட்டுட்டு அவர் மொகத்துல எப்படி முழிக்கிறது? ஏற்கெனவே என் அக்கா வாய விட்டு மனுசன் நொந்து போய்க் கெடக்காரு.”

முட்டாள்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். இது மரியாதை! மச்சானின் முகம் வாடக் கூடாது என்பதற்காகப் பெண்டாட்டியைத் தோட்டத்துக்கு அனுப்புகிற மரியாதை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் அன்றைக்கு நான் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

அடுத்த நாள் காலையில் நானே காரை எடுத்துக்கொண்டு ஜெலாப்பாங் போனேன். நான் ஆசிரியை என்று தெரிந்து, தவுக்கே என்னை மலாயில் டீச்சரைக் கூப்பிடுவதுபோலச் சிக்கு என்று கூப்பிட்டார்.

“சிக்கு, வீட்டுக்காரர் எங்கே?”

“வேலைக்கு.”

“அண்ணன்?”

“அவரும் வேலைக்கு. டர்போவிலேருந்து கடைசி வரைக்கும் ரெண்டரை போடுங்க. ஒரே சைஸ். பின்னால அச்சுக்கு மேலால வளைச்சு எடுங்க.”

அவர் காதைச் சொறிந்தார். “சண்டை வந்தா என்கிட்ட வருவாங்கலா.”

“காரை ஓட்றது நான்தான்னு சொல்லுங்க.”

சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அவர் ஒரு யோசனை சொன்னார். அண்ணன் பைப்பில் ஒரு முழம் எடுத்துக் கடைசியில் தொப்பி மாதிரி மாட்டிவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் மூன்று இஞ்ச்தான் தெரியும், யாருக்கும் விவரம் தெரியாது. நல்ல யோசனைதான். ஆனால் பார்வைக்குப் பெரிதாக இருக்கட்டும் என்று செய்த காரியத்தால்தான் நான் பீடோர் ரோட்டில் அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். கழற்றின ஆறடிப் பைப் என் காரின் பின்பெட்டியில் கொள்ளவில்லை. நடுவில் அறுக்கச் சொன்னேன்.

“அறுக்கவா?” என்று இரண்டு தடவை கேட்டார்.

“அறுங்க.”

வேலை முடிந்து ரோட்டில் ஏறியதும் தெரிந்தது. அழுத்தினதும் கார் போயிற்று. யோசனை இல்லை, தவில் இல்லை. காலுக்குக் கீழே சூடும் தணிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம் பொங்கியது. ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள். இதற்காகவா ஆறு மாதம் இந்தப் பாடு?

வீட்டுக்குத் திரும்பாமல் நேரே சுங்காய்க்கு விட்டேன். அண்ணனுக்கு வேறு யார் வாயாலும் இது தெரியக் கூடாது. கம்பாரில் ஒரு லாரியை முந்தினேன். பீடோரில் இன்னொன்றை. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் முந்தினேன்.

லயத்துக்கு முன்னால் நிறுத்தியபோது அண்ணன் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். சத்தம் கேட்காததால் என் கார் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் வழக்கம்போல நேராகப் பின்னால் போய் நின்றார்.

“என்னா தங்கச்சி, சின்னதா இருக்கு?”

பின்பெட்டியைத் திறந்து காட்டினேன். இரண்டு துண்டு. ஒன்றின் முனையில் அந்தச் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் கறுத்தது.

“மச்சானா அறுத்தாரு?”

“நான்தான் அறுக்கச் சொன்னேன்.”

“சீருப் பொருள அறுத்துட்டியா? பொறந்த வீட்டு மொகத்துல கரியப் பூசிட்டியே. ஒம் புருசன் வீட்டுல என்னைய என்னா நெனப்பாங்க? ஒரு தடவ பட்டது பத்தாதா எனக்கு?”

அதற்கு நான் சொன்னது கோபத்தில் வந்ததுதான். ஆனால் வந்தபோது மிகவும் மெதுவாகத்தான் வந்தது.

“அண்ணே, பீடோருக்கிட்ட ஒரு நாளு, நான் முந்தப் போயி காரு இழுக்காம நடு ரோட்டுல மாட்டிக்கிட்டேன். எதுக்க வந்த மர லாரிக்காரன் புல்லுல எறக்கினான், அதனால இருக்கேன். அவன் எறக்காம இருந்திருந்தா, நீங்க எனக்கு அடுத்து கொண்டாந்திருக்க வேண்டியது கோடிச் சேலை. அதையும் எத்தனை இஞ்சுன்னு பாத்துத்தான் வாங்கியிருப்பீங்களா?”

தாய்வீட்டிலிருந்து ஒரு பெண்ணுக்கு வருகிற கடைசிச் சீர் அது. உடன்பிறந்தவன் தன் கையால் அவள் உடம்பின்மேல் போர்த்துவது.

அண்ணன் கையை ஓங்கினார். “இன்னொரு தடவ அந்த வார்த்தைய சொன்னே, பல்லு எகிறிரும்” என்றார். கை அப்படியே நின்றது, பிறகு இறங்கியது. பம்பர்மேல் உட்கார்ந்து, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கல. ரெண்டு பேரும் பைப்பைப் பத்திதான் கேட்டீங்க.”

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். குவார்ட்டர்ஸுக்கு அடித்த சுண்ணாம்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்று காரில் ஏறி இஞ்சினைப் போட்டேன். அண்ணன் பின்னால் போய் நிற்கவில்லை. முகத்தில் கிரீஸ் தீற்றலோடு என் கதவுப் பக்கம் வந்து, கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தார்.

“இப்போ எப்படி இழுக்குது, தங்கச்சி?”

ஆறு மாதத்தில் அந்தக் காரைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் இஞ்சினை அணைத்துவிட்டு, முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.